செயலாளரான தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நீ செயலாளர் ஆகிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயம். பெயின்ட் அடிக்கும் வேலையைத் தலைவர் தன் மச்சினருக்கே கொடுக்கப் பார்க்கிறார், எதிர்த்தால் பகை, பேசாமல் இருந்தால் பழி என்கிறாய். மச்சினர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். முடிவு எடுத்த விதம் சரியாக இருந்தால்தான் நாளைக்கு யாரும் விரல் நீட்ட முடியாது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கு. செயற்குழுவில் அந்தப் பேச்சு வரும்போது உறவைத் தலைவரே சொல்லிவிட்டு வெளியே போய்விடட்டும். துணைத் தலைவர் கூட்டத்தை நடத்தட்டும். இதை முன்கூட்டியே தலைவர் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல். நாலு பேர் முன்னால் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும்.

மினிட்ஸ் நோட்டை அன்றைக்கே எழுதிவிடு. வந்தவர்கள் பெயர், மூன்று கொட்டேஷன் தொகை, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கூடவே ‘இந்தப் பொருளில் தலைவர் கலந்துகொள்ளவில்லை’ என்று ஒரு வரி. யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். வரிகளுக்கு நடுவே இடம் விடாதே. எங்கள் குடியிருப்பில் முந்தைய கமிட்டி தீர்மானம் போடாமலே போர்வெல் போட்டது. பில்லில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. ஆனாலும் அவர்கள் மேல் விழுந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை. நல்ல மனிதர்கள், பாவம்.

கூட்டத்துக்குக் கூட்டம் கணக்குக் கேட்கிறார் என்று நீ எழுதிய அந்தப் பெரியவரைத் தொல்லை என்று நினைக்காதே. தான் கட்டும் மெயின்டனன்ஸ் எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. பொருளாளரையும் வவுச்சர் ஃபைலையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்.

உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதுதானே? அந்தச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். சங்கத்தின் துணை விதியை (பைலா) திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதெல்லாம் இதில் சேராது, எத்தனை பேர் காட்டினாலும். புதிய நிர்வாகிகள் பெயரைப் பதிவாளர் அலுவலகத்தில் ஏழாம் எண் படிவத்தில் கொடுத்தாயிற்றா? அதைத் தள்ளிப்போடாதே.

துணை விதியில் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், செக்கில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கும் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. கூட்டத்துக்கு முன்னால் படித்துவிட்டுப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி