லெபனான் உணவகத்தில் முதலில் தப்பூலேயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லெபனான் உணவகங்கள் பற்றிய கட்டுரை ஷவர்மாவில் தொடங்கி, சுட்ட இறைச்சியோடு முடிந்துவிட்டது. சாப்பாட்டின் தொடக்கத்தில் பல சின்னத் தட்டுகளில் வரும் மெஸ்ஸேக்கு இரண்டே வரி. லெபனான்காரர்கள் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவதே அந்தச் சின்னச் சின்னத் தட்டுகளுக்காகத்தான். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஸாஹ்லே என்றொரு ஊர். 2013-இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்தது. அங்கே பெர்தவ்னி ஆற்றோர உணவகங்களில் மதியம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும்.

முதலில் குளிர்ந்த வகைகள்: கொண்டைக்கடலையை மசித்த ஹம்முஸ், கத்தரிக்காயைச் சுட்டு மசித்த முத்தபல், பார்ஸ்லி இலை சாலட்டான தப்பூலே, நீர் வடித்த கெட்டித் தயிரான லப்னே. பிறகு சூடானவை. கடைசியில்தான் கரியடுப்பில் சுட்ட இறைச்சி. நாலு பேருக்கு ஐந்து குளிர்ந்த தட்டும் மூன்று சூடான தட்டும் தாராளம். பலரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஹம்முஸைத் தொட்டு முடிப்பதற்குள் உடைத்த கோதுமையும் இறைச்சியும் பிசைந்து பொரித்த கிப்பே ஆறிப்போய், மேலோடு விறைத்து, உள்ளே கொழுப்பு உறைந்துவிடும். இறைச்சியைப் பாதிச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் போதும்.

கடையின் தரத்தை அறியத் தப்பூலே ஒன்றே போதும். தட்டு பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும். கொத்தமல்லி போன்ற பார்ஸ்லிக் கீரை நாலு பெரிய கட்டுக்கு மூன்று நாலு மேசைக்கரண்டி பொடி புல்குர், அதாவது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை, அவ்வளவுதான் கணக்கு. தட்டில் கோதுமையே மேலோங்கி நின்றால் கீரை ஆயச் சோம்பல்பட்ட சமையல்கட்டு என்று அர்த்தம். பார்ஸ்லியை அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, கூரான கத்தியால் ஒரே தடவை நறுக்க வேண்டும். ஈரத்தோடு நறுக்கினாலும் மிக்ஸியில் போட்டாலும் இலை நசுங்கிக் கறுக்கும், தட்டில் தண்ணீர் விடும். புல்குரைத் தக்காளிச் சாற்றிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவிடுவது நல்ல முறை. உப்பும் ஆலிவ் எண்ணெயும் பரிமாறும் நேரத்தில்தான். லெட்டூஸ் இலையில் அள்ளிச் சாப்பிட வேண்டும்.

ஹம்முஸ் நறநறத்தால் கடலை வேகவில்லை. சிட்டிகை சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்த கொண்டைக்கடலை, இரண்டு விரலால் அழுத்தினால் கூழாக வேண்டும். அரைக்கும்போது சேர்வது தஹினி என்னும் எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு. ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றத்தான். இந்தப் பண்டத்தின் மேல் லெபனான்காரர்களுக்கு ரோஷம் அதிகம்: இஸ்ரேலோடு நடந்த போட்டியில் 2010 மே மாதம் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். லெபனானின் பரப்பளவும் 10,452 சதுர கிலோமீட்டர்!

கட்டுரை இரவு உணவுக்குப் பரிந்துரைத்த மனூஷே, அங்கே காலைப் பலகாரம். உலர்ந்த மூலிகையும் எள்ளும் கலந்த ஸாத்தர் பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து மாவின் மேல் தடவிச் சுட்டு, சூட்டோடு மடித்துச் சாப்பிடுவார்கள். 2023-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது இதுதான். கிப்பே நய்யே பச்சை இறைச்சி. அன்று அறுத்த ஆட்டுக்கறியில் அன்றே செய்வது. கறி எப்போது வந்தது என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எப்படியும் தவிர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். கோழி ஷவர்மாவோடு வரும் வெள்ளைப் பூண்டு விழுதை மயோனைஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் தூம். முறையாகச் செய்தால் முட்டையே கிடையாது: முளை நீக்கிய பூண்டு ஒரு கப், உப்பு, எலுமிச்சைச் சாறு, வாசனையில்லாத எண்ணெய் மூன்று கப். எண்ணெயை நூலாக விட வேண்டும். அவசரப்பட்டால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். ஆலிவ் எண்ணெயை இயந்திரத்தில் அடித்தால் கசக்கும். திரிந்துவிடும் பயத்தில் சில கடைகள் முட்டை வெள்ளைக்கருவோ மயோனைஸோ கலக்கின்றன. ஆகவே முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. இதையாவது அடுத்த இணைப்பில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சமையல் தொழிலில் உள்ள வாசகர்கள்