அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், தலைமையாசிரியர் அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சுதந்திர தினத்துக்கு இனிப்பு வழங்கினோம். மாணவியர் கழிப்பறைக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். பழைய மோட்டாரை மாற்றும் வேலை பாக்கி இருக்கிறது. விளையாட்டு விழாக் கோப்பைகள் வழக்கம்போல நம் செலவு. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்காகச் செய்த வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

போன பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “வருஷா வருஷம் மே மாசம் பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, ‘அடுத்து என்ன படிக்கலாம்’னு பேசுறோம். அதுக்குள்ள பாதிப் பிள்ளைங்க எங்கேயோ பணம் கட்டிடுதுங்களே” என்று கேட்டது நினைவிருக்கும். அவர் சொன்னது சரி. மார்ச்சில் தேர்வு முடிந்த கையோடு ஏஜென்ட்டுகள் தெருவுக்குள் வந்துவிடுகிறார்கள். அதனால் மே மாத மேடையை இந்த ஆண்டு கைவிட்டோம். சால்வைச் செலவு மிச்சம்.

ஏஜென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற ஜூனில் நம் பள்ளி மாணவி ஒருவரின் தாயார் சங்கத்தைத் தேடி வந்தார். ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முன்பணம் கட்டி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அசலாகவே கொடுத்திருக்கிறார்கள். சேர்த்தது நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில். அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2021-இல் வந்த சட்டப்படி பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் உண்டு. கலந்தாய்வு வழியாக அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகையும் இல்லை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. ஏஜென்ட் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பொருளாளரும் நானும் அந்த அம்மாவுடன் கல்லூரிக்குப் போனோம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பை அச்செடுத்து மேஜையில் வைத்தோம். முதலில் “சார் லீவு” என்றார்கள், அப்புறம் “சாவி இல்லை” என்றார்கள், மதியத்துக்கு மேல் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. முன்பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண் இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆரணி உறுப்புக் கல்லூரியில் முதலாண்டை முடிக்கிறாள்.

அடுத்தது சான்றிதழ் வேலை. காலாண்டு விடுமுறையிலேயே பிளஸ் டூ பிள்ளைகளின் காகிதங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தோம். மதிப்பெண் குறைவால் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகளைவிடக் காகிதத்தால் இழக்கும் பிள்ளைகளே நம் ஊரில் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஒரு மாணவனுக்குப் பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் அப்பா பெயரில் இருக்கிறது, ஆதாரில் தாத்தா பெயரில், ரேஷன் கார்டில் அவன் பெயரே வேறு எழுத்தில். இப்படி இருந்தால் இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போடும் மனு தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிடும். ஜூனில் இதைக் கண்டுபிடித்தால் திருத்த நேரம் ஏது? முதல் பட்டதாரிச் சான்றிலும் குழப்பம் இருந்தது. வீட்டில் அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்தால் தம்பிக்குக் கிடையாது என்பது பல பெற்றோருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜூலை, ஆகஸ்டில் கலந்தாய்வு நடந்தபோது தலைமையாசிரியர் அனுமதியோடு பள்ளியின் ஹைடெக் லேபில், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை நிரப்ப உதவினோம். கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்கான கூட்டு மதிப்பெண், 200-க்குத்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இது எல்லோருக்கும் தெரிகிறது. பட்டியலை எப்படி எழுதுவது என்பதுதான் தெரிவதில்லை. ஒரு தம்பி கட்-ஆஃப் 160-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு, சென்னையில் பெயர் பெற்ற நாலு கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் போட்டு, “போதும் சார்” என்று எழுந்தான். முந்தைய ஆண்டில் அந்த இடங்கள் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தன என்று காட்டி மறுபடி உட்கார வைத்தோம். பிடித்ததை மேலே எழுது, கீழே எத்தனை எழுதினாலும் மேலே உள்ளதற்குப் பாதகம் இல்லை என்று புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவனுக்கு வந்தது பட்டியலின் அடிப்பகுதியில் எழுதிய இடம், அதுவும் எலெக்ட்ரிக்கல். முகம் வாடித்தான் போனான். ஆனால் இடத்தை உறுதி செய்துவிட்டு, மேலே உள்ள இடம் காலியானால் மாறச் சம்மதம் என்றும் கொடுத்துவிட்டுப் போனான்.

பொறியியல் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். செய்யாறு அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய்தான் செலவு. மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் 2022-இலிருந்தே வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது. இவ்வளவும் இருந்தும் சில பெண்கள் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு தாயார் சொன்னார்: “கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருது சார். காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறணும். மாசமானா சம்பளம் வருது.” சிப்காட் தொழிற்பேட்டை வேலையை நான் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகள் ஓடுகின்றன. காலை பஸ்ஸின் நேரத்தை மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கிளைக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) என்றாலே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை உண்டு; இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி இருக்கிறது. நம் சங்க உறுப்பினர்களிலேயே இப்படிப் போனவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகளிடம் நீங்கள் வந்து சொன்னால் எடுபடும், நான் சொன்னால் எடுபடவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் நாளிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்துப் பொறியியல் கேட்டு வருகிறார்கள். ஏன் எடுத்தாய் என்றால் “பிரண்டு எடுத்தான்” என்பதுதான் பதில். ஆகவே வரும் சேர்க்கையில் பள்ளி வராந்தாவில் நம் மேஜை ஒன்று இருக்க வேண்டும். முறை வைத்து உட்கார உறுப்பினர்கள் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். வணிகவியல் படித்து ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும், சி.ஏ. என்று ஆடிட்டர் ஆவதற்கான படிப்பு ஒன்று இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு ரிசல்ட் மே 8 அன்று வந்துவிட்டது. பொறியியலுக்கு விண்ணப்பிக்க ஜூன் 6 கடைசி நாள். உங்கள் தெருவில் இன்னும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே லேபுக்கு அனுப்புங்கள். மாலை ஆறு மணி வரை ஆள் இருப்போம்.

லேபைத் திறந்துவிட்ட கணினி ஆசிரியருக்கும், அலுவலக உதவியாளர் அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் வெளியே போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். அறிக்கையை ஏற்று, பிளஸ் ஒன் சேர்க்கை குறித்த தீர்மானத்தையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

– செயலாளர்