பனிமலைக்கு கிளம்புறவங்க கவனத்துக்கு: டிரெஸ், ஸ்லீப்பிங் பேக், மேட்

எல்லாருக்கும் வணக்கம், பேக்கிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிடுங்க. ஒரே தடிமனான ஜாக்கெட்டுக்கு பதிலா மெல்லிசா மூணு நாலு லேயரா எடுத்துக்கங்க, ஏறும்போது கழட்டிடலாம் நிக்கும்போது மாட்டிக்கலாம், வேர்வையில நனையாம இருந்தாலே பாதி குளிர் போச்சு. உடம்ப ஒட்டி மெரினோ கம்பளி இல்லன்னா பாலியஸ்டர், காட்டன் வேண்டவே வேண்டாம், பனியன் சாக்ஸ் உட்பட, ஈரமானா லேசுல காயாது.

ஸ்லீப்பிங் பேக்ல கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு டெம்பரேச்சர் போட்டிருக்கும். கம்ஃபர்ட்ங்கறது நிம்மதியா தூங்கற அளவு, லிமிட்ங்கறது சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரிய ஓட்டுற அளவு, அத நம்பி வாங்காதீங்க ப்ளீஸ். எடைக்கு டவுன் (வாத்தோட மெல்லிய இறகு) தான் பெஸ்ட், அது எவ்வளவு உப்பும்ங்கறது தான் ஃபில் பவர், 800 ஃபில் பவர் 550-ஐ விட கம்மி எடையில அதே சூடு குடுக்கும், ஆனா நனைஞ்சா அமுங்கிடும், அதனால வாட்டர்ப்ரூஃப் கவருக்குள்ளயே இருக்கட்டும்.

மேட்ட தான் நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. நம்ம முதுகுக்கு அடியில இருக்கற டவுன் நம்ம எடையிலயே நசுங்கிடும், தரையோட குளிர தடுக்கறது மேட் மட்டும்தான். பனி மேல படுக்க ஆர் வேல்யூ, அதாவது மேட் குளிர எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு, 5க்கு கிட்டயாவது வேணும். ஃபோம் மேட் 2, அதுக்கு மேல காத்தடிக்கற மேட் 3ன்னு போட்டா ரெண்டும் கூடி 5 ஆயிடும், நடுராத்திரி காத்து இறங்கினாலும் ஃபோம் கை குடுக்கும்.

பூட்ஸோட உள் லைனரையும் ஈர கையுறையையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வெச்சு தூங்குங்க, வெளிய விட்டா காலைல கட்டையா உறைஞ்சிருக்கும். ஸ்பேர் கையுறைல மட்டும் எடைய மிச்சம் புடிக்காதீங்க.

அவங்கவங்க பேக்கோட கம்ஃபர்ட் டெம்பரேச்சர், மேட்டோட ஆர் வேல்யூ ரெண்டையும் இங்கயே போடுங்க, பத்தாதவங்களுக்கு சேர்ந்து யோசிப்போம்.