பள்ளிக்கூட வாசலில் 23 அடி

மதிப்பிற்குரிய நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தையல்காரன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நேர் எதிரே, உங்கள் சாலையின் மறு ஓரத்தில், 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அரசு கொடுக்கும் சீருடை தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைக்க என்னிடம்தான் வருவார்கள். அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் எனக்கு மனப்பாடம். கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். பக்கத்து டீக்கடை வாசலில் நிற்கும் குட்டி யானை வண்டிக்குப் பின்னால் அந்தக் கண்ணுக்குச் சாலையே தெரியாது. ஓட்டி வருகிறவருக்கும் பிள்ளை தெரியாது.

போன மாதம் ஒரு பாட்டி பள்ளிப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒரு பக்க வார் வேரோடு பிய்ந்திருந்தது. பையின் அடியில் டயர் ஏறிய கறுப்புத் தடம். பேத்தி சாலையைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் வார் மாட்டிக்கொண்டதாம். வார் அறுந்ததால் பிள்ளை முழங்கால் சிராய்ப்போடு எழுந்துவிட்டாள். அறுந்திராவிட்டால் வண்டியோடு இழுபட்டிருப்பாள். தையல் விட்டுப்போனதற்காக நான் சந்தோஷப்பட்டது என் தொழிலிலேயே அன்று ஒரு நாள்தான். திரும்ப உறுதியாகத் தைப்பதா, லேசாக விடுவதா என்று ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். பதில் வந்தது, அதற்கு நன்றி. 'இருபுறமும் பார்த்துச் சாலையைக் கடக்குமாறு மாணவர்களுக்குப் பள்ளி அறிவுறுத்த வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள்.

ஐயா, பிள்ளைகள் பார்க்கிறார்கள். பெரியவர்கள்தான் பார்ப்பதில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி வலது, இடது, மறுபடி வலது என்று தலையைத் திருப்புவதை நான் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போது சாலை காலியாகத்தான் இருக்கிறது. அங்கேதான் வினையே.

உங்கள் பதில் வந்த அன்று இரவு பத்தரை மணிக்கு மேல் என் டேப்பை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினேன். நான்கு முழு டேப்பும் இன்னும் மூன்று அடியும் வந்தது. ஆக 23 அடி, உங்கள் கணக்கில் 7 மீட்டர். ஆறு வயதுப் பிள்ளை பையைத் தோளில் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு இதைத் தாண்ட 7 வினாடி ஆகிறது. கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பலமுறை எண்ணிவிட்டேன். பள்ளி வாசலிலிருந்து அரசமரத்து வளைவு வரை 70 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 7 வினாடியில் ஏறக்குறைய 117 மீட்டர் ஓடிவிடும். அதாவது, பிள்ளை இருபுறமும் பார்த்துக் காலை எடுத்து வைக்கும்போது, அவளை இடிக்கப்போகிற வண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எத்தனை முறை திரும்பிப் பார்த்தால் அது தெரியும்?

இதே வண்டி 30-இல் வந்தால் 7 வினாடியில் 58 மீட்டர்தான். அப்போது வளைவுக்கு இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும். பிள்ளை பார்த்ததற்கும் பலன் உண்டு. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பல நாட்டு அமைச்சர்கள், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று அறிவித்தார்களாம். என் டேப்பும் அதையே சொல்கிறது.

வரிக்குதிரைக் கோடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பள்ளி வாசலிலிருந்து அறுபது தப்படி தள்ளி, பஸ் நிறுத்தத்தில். நடுவில் சாக்கடையும் சீமைக்கருவேலமும். அந்தக் கோட்டில் நடக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் அதுவரை வண்டிகளோடு சாலையிலேயே நடக்க வேண்டும். கோடும் இப்போது வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிய மாதிரிதான் தெரிகிறது. வாசலருகே ஜவுளிக் கடை விளம்பரத்தோடு ஓர் இரும்புத் தடுப்பு துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது. விளம்பரம் ரெடிமேட் சட்டைக்கு. அது எனக்கு வேறு வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. புண்ணியமான காரியம். முன்பு 9 மணிக்கு வந்த பிள்ளைகள் இப்போது 8 மணிக்கே வந்துவிடுகிறார்கள். வெண்பொங்கல் போடும் நாளென்றால் நடையில்லை, ஓட்டம்தான். கல்லூரிப் பஸ்களும் மில் வேன்களும் பறக்கிற நேரமும் அதுவே. போக்குவரத்துக் காவலர் மட்டும் இன்றும் 9 மணிக்குத்தான் வருகிறார். சாப்பாட்டு நேரம் மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இது உங்கள் துறை இல்லை, தெரியும். காவல் துறைக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும். நான் எழுதினால் மனு எண்தான் கிடைக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். பள்ளி வாசலுக்கு நேராக, சாலையையே நான்கு அங்குலம் மேடாக்கி அதன்மேல் கோடு போடுங்கள். வண்டி தானாக வேகத்தைக் குறைக்கும். பிள்ளையும் கொஞ்சம் உயரத்தில் தெரிவாள். நடப்பவர்களுக்காகவே இந்தியச் சாலைக் காங்கிரஸ் போட்ட 103-ஆம் எண் வழிகாட்டி உங்கள் அலமாரியில் இருக்கும். வளைவுக்கு அப்பால் தடதடக்கும் பட்டைக் கோடுகளும், 30 என்று எழுதிய பலகையும் வேண்டும். டீக்கடை வாசலில் வண்டி நிறுத்தாதபடி குட்டைக் கல் நடுங்கள். டீக்கடைக்காரர் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார், பரவாயில்லை. பஸ் நிறுத்தத்தின் இடத்தையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கறுப்புக் கோட்டுக்குப் பட்டன் வைக்க வந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னார்: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவுப்படி, சாலையைத் தரப்படி அமைக்காமல் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதமாம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், நடப்பவர்களுக்கான விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதையும் சொன்னார். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மேலிடத்தில் நிதி கேட்கும்போது உங்களுக்கு உதவும்.

மே மாதம் பள்ளி விடுமுறை. வேலைக்கு அதுதான் தோது. ஜூனில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சீருடை பிடிக்க என்னிடம் வருவார்கள். அளக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், டேப்போடு வருகிறேன்.

அந்தப் பை வாரை ஒற்றைத் தையலில்தான் விட்டிருக்கிறேன். பாட்டியிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பள்ளிக்கு எதிர்க் கடைத் தையல்காரன்