பழைய 911-க்குப் பெரிய கூலர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

காற்றில் குளிரும் பழைய போர்ஷே 911 கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். தமிழில் யாராவது இதை எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவன் நான். அதனால்தான் அதில் சொல்லியிருந்த இரண்டு யோசனைகளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆயில் சூடு ஏறினால் முன்பக்கம் ஆயிலைக் குளிரவைக்கும் கூலரைப் பெரியதாக வாங்கிப் போடுங்கள் என்பது ஒன்று. காலையில் வண்டியை எடுக்கும் முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள் என்பது மற்றது. முதல் யோசனையால் காசுதான் போகும். இரண்டாவதால் இன்ஜினுக்கே கெடுதல்.

கலிபோர்னியாவில் இந்த வகைக் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். கோடை தொடங்கிவிட்டால் போதும், "ஆயில் சூடு காட்டும் முள் ஏறுகிறது, பயமாக இருக்கிறது" என்று போன் மேல் போன் வரும். அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் புது கூலர் தேவைப்படுவதில்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பியதை மறுபடி சரியாக வேலை செய்ய வைத்தாலே போதும்.

911-இல் 1998 வரை ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பின்னால் இருக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின் மீது ஒரு பெரிய ஃபேன் காற்றை அடிக்கும். மீதிச் சூட்டை ஆயில்தான் சுமந்துபோக வேண்டும். 1978-இல் வந்த 911 எஸ்சி (SC) மாடலை எடுத்துக்கொண்டால் சுமார் 13 லிட்டர் ஆயில் சுற்றுகிறது. அது இன்ஜினின் அடித்தட்டில் தேங்காது. வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தனி டேங்கில் இருக்கும். குளிரவைக்கும் இடம் இரண்டு. இன்ஜினோடு ஒட்டிய கூலர் ஒன்று. ஃபேன் காற்றே அதற்கும் போகிறது. அடுத்தது வலது முன் மட்கார்டுக்குள் இருப்பது. பின்னாலிருந்து அங்கே போக, வலது பக்கக் கதவுக்குக் கீழே இரண்டு நீளமான குழாய்கள் ஓடும். வலது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு தெர்மோஸ்டாட் இருந்து, ஆயில் ஏறக்குறைய 83 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அந்த வழியைத் திறந்துவிடும்.

இந்த தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் என் பெரிய குறை.

1980களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஓர் எஸ்சி எங்களிடம் வந்தது. உரிமையாளர் அதற்குள் விலை உயர்ந்த புது கூலரைப் பொருத்திவிட்டார். ஆனால் ஹைவேயில் முள் முன்பு போலவே ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினோம். பின்னால் ஆயில் ஊற்றும் கழுத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு. முன் சக்கரத்தின் உள்தட்டைக் கழற்றிவிட்டுக் கூலருக்குப் போகும் குழாயைத் தொட்டேன். போகிற குழாய், வருகிற குழாய் இரண்டிலும் கையை நிதானமாக வைத்துக்கொண்டே பேசலாம் போல இருந்தது. தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிப்போயிருந்தது. வாசலைப் பூட்டிவிட்டுத் திண்ணையை அகலப்படுத்திய கதைதான். அந்தப் புது கூலருக்குள் சூடான ஆயில் ஒரு தடவைகூடப் போயிருக்காது.

வீட்டிலேயே எவரும் செய்யக்கூடிய சோதனை இது. முள் 90-ஐத் தாண்டும் வரை ஓட்டுங்கள், நிறுத்துங்கள், முன் குழாயில் கையை மெல்ல அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சுட்டால் தெர்மோஸ்டாட் திறக்கிறது. சுடாவிட்டால் திறக்கவில்லை, அல்லது குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது. அடைபடுவதும் அபூர்வமில்லை. விவரம் தெரியாதவர்கள் ஜாக்கை வலது பக்கக் குழாய்க்கு அடியிலேயே வைத்துத் தூக்கி அதை நசுக்கிவிடுகிறார்கள். ஒன்று மட்டும்: பழைய தெர்மோஸ்டாட்டின் அலுமினிய மறையும் குழாயின் நட்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பலம் கொண்ட மட்டும் திருகினால் இரண்டும் போய்விடும். சூடு காட்டிப் பொறுமையாகக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஆயில் போதிய சூட்டுக்கு வந்தால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோல் கலப்பும் ஆவியாகும். எப்போதும் குளிர்ந்தே ஓடும் ஆயிலும் இன்ஜினை அரிக்கும். தவிர, காலையில் கெட்டியாக இருக்கும் ஆயிலின் அழுத்தம் முன் கூலரைத் தாக்காமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பாகம்தான்.

சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். எஸ்சியின் முன் கூலருக்கு ஃபேன் இல்லை. வண்டி ஓடினால்தான் அதில் காற்றுப் படும். ஆகவே டிராஃபிக்கில் நிற்கும்போது முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு, வண்டி நகர்ந்ததும் இறங்க வேண்டும். அதற்கு மாறாக, சமதளமான ஹைவேயில் சீராகப் போகும்போது ஏறிக்கொண்டே போனால் முன்பக்கச் சுற்று வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். எஸ்சிக்குப் பின்னால் வந்த 964 என்ற 911 மாடலில் முன் கூலருக்கு மின்சார ஃபேன் உண்டு. குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் அந்த ஃபேன் மெதுவாகச் சுற்றவே சுற்றாது. சூடு எக்கச்சக்கமாக ஏறிய பிறகுதான் முழு வேகத்தில் கிளம்பும். சின்னப் பாகம்தான், அதை மாற்றினால் தீர்ந்தது.

அப்புறம், இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் பட்டியும். இவை அழகுக்கு வைத்தவை அல்ல. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டும் கலக்காமல் பிரித்து வைப்பவை இவைதான். ரப்பர் காய்ந்து உதிர்ந்துவிட்டால் சிலிண்டரைக் குளிரவைத்து வெளியேறிய அதே சூட்டுக் காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சும். இன்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் ஒரு தகட்டை மாட்டாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. ஃபேனின் கூட்டுக்குள் எலி கட்டிய கூட்டையும் எடுத்திருக்கிறோம்; மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற கார் அது.

இன்னொன்று ஓட்டும் முறை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள கிரேப்வைன் மலை ஏற்றத்திலும், லாஸ் வேகஸ் வழியில் பேக்கர் ஊரைத் தாண்டிய ஏற்றத்திலும் ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையோரமே பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாக் காருக்கும் பொதுவான எச்சரிக்கைதான், ஆனால் பழைய 911-க்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். எஸ்சி போன்ற மாடல்களில் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸர்களில் ஒன்று பின் மூடியின் கிராதியிலேயே இருக்கிறது. ஏசி ஓடினால் அந்தச் சூட்டின் வழியாகத்தான் இன்ஜின் ஃபேன் காற்றை இழுக்க வேண்டும். ஏற்றத்தில் உயர்ந்த கியரிலேயே இழுத்துக்கொண்டு போவதும் தவறு. ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் சுமை குறையாது, காற்று மட்டும் குறையும். ஒரு கியர் குறைத்துக்கொண்டால் முள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நாற்பது வருட மீட்டர், துருப்பிடித்த எர்த் இணைப்பு. பல கார்களில் மீட்டரில் எண்களே இருக்காது, கோடுகள்தான். டேங்கில் ஒரு தெர்மாமீட்டரை விட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதி. கோடையில் 110 வரை போவதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. 120-ஐ நெருங்கினால் காரணம் தேட வேண்டும்.

ஆயில் சூட்டால் இன்ஜின் கெடும் என்ற கட்டுரையாளரின் பயத்துக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. அதன் கிராங்க்கேஸ், அதாவது சிலிண்டர்களைத் தாங்கும் இன்ஜின் கூடு, மெக்னீசியம். புகைக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்கச் சந்தையில் தெர்மல் ரியாக்டர் என்று ஒன்றை எக்ஸாஸ்ட்டில் சேர்த்தார்கள். அது சிலிண்டர் ஹெட்டை வறுத்தெடுத்தது. சூட்டில் மெக்னீசியம் பிடி தளர்ந்து, ஹெட்டை இறுக்கிய ஸ்டட்கள் என்ற நீளமான போல்ட்கள் மறையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. அந்த இன்ஜின் வைத்திருப்பவர்கள் கூடுதல் கூலரைப் பற்றி யோசிப்பதில் தவறே இல்லை. 1978-இல் வந்த எஸ்சிக்கு அலுமினியக் கிராங்க்கேஸ். அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எழுதியதுதான் எனக்கு உறுத்தல்.

கடைசியாக ஆயில் அளவு. டேங்க் தனியாக இருப்பதால், இரவில் வண்டி நிற்கும்போது ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் வடிந்துவிடும். காலையில் குச்சியை உருவினால் ஒன்றுமே தெரியாது. குறைந்துவிட்டதென்று நினைத்து லிட்டர் கணக்கில் ஊற்றினால், இன்ஜின் சூடானதும் டேங்க் நிரம்பி வழிந்து, காற்று போகும் வழிக்குள் ஆயில் ஏறி, பின்னால் புகை மண்டும். 911-இல் ஆயில் பார்க்கும் முறையே வேறு: நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியைப் பார்க்க வேண்டும்.

கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவராவது நாளைக் காலை குச்சியை உருவிப் பார்த்துவிட்டு ஆயில் கேனைத் திறக்கக்கூடும். மற்றதையெல்லாம் பிறகு விவாதித்துக்கொள்ளலாம். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் தயவுசெய்து அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
கலிபோர்னியா