மக்ரூன் டப்பா இரண்டு

சேசு, மரி, சூசை

லிஸ்பன்
ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் அத்தானும் சின்னவனும் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் பகலில் வாங்கி வைக்க ஆள் இருக்குமோ இருக்காதோ. போனில் பேசலாம் என்றால் நீ "மீட்டிங்மா" என்கிறாய், நான் "சாப்பிட்டியா" என்கிறேன், அதோடு முடிந்துபோகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

13-ம் தேதி உன் பேர்கொண்ட அந்தோணியார் திருநாள். நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நாம் பதுவைப் பதியர் என்கிறோமே, அவர் பிறந்தது இந்த லிஸ்பனில்தான். பேராலயத்துக்குப் பக்கத்தில், அவர் பிறந்த வீடு இருந்த இடத்திலேயே ஒரு கோயில் இருக்கிறது. அங்கே முழங்காலிட்டு உனக்காக வேண்டினேன். முந்தின நாள் ராத்திரி தெருவெல்லாம் சாளை சுடுகிற புகை. கண்ணை மூடினால் நம் கடற்கரை ரோடு. அன்று பகலில் பேராலயத்தில் நிறைய ஜோடிகளுக்கு ஒன்றாகக் கல்யாணம் நடந்தது, செலவை மாநகராட்சியே ஏற்கிறதாம். நமக்கு அவர் காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைக்கிறவரும்கூட. வெள்ளை உடுப்பில் பெண்கள் படியிறங்கி வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மருமகளுக்கு முதுகுவலி தேவலையா? நான் கேட்டதாகச் சொல்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். நான் மறுபடி மக்ரூன் போடுகிறேன்.

அப்பா போன பிறகு எட்டு வருஷம் நான் முட்டை அடிக்கவில்லை, உனக்குத் தெரியும். பாத்திரங்களைக்கூட மச்சில் ஏற்றிவிட்டேன். இங்கே அக்கா என்னை பெலேம் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். சவேரியார் 1541-ல் நம் தேசத்துக்குக் கப்பலேறினது அந்த ஆற்றோரத்திலிருந்துதான். அங்கே பெரிய மடம் ஒன்று இருக்கிறது, அதையடுத்து 1837-லிருந்து நடக்கிற ஒரு பலகாரக் கடை. மடத்தில் செய்துவந்த பலகாரமாம். மேலே கருகக் கருகச் சுட்ட சின்னக் கிண்ணம் மாதிரி, உள்ளே முட்டையும் பாலும் சீனியும். மேல் தோல் மொறுமொறுவென்று ஏடு ஏடாகப் பிரிகிறது. இவர்கள் பலகாரம் முக்கால்வாசி மஞ்சள் கருவில்தான். அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரீகள் வெள்ளைக் கருவைத் துணிக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளியவைக்கவும் எடுத்துக்கொண்டார்களாம், மிஞ்சின மஞ்சள் கருவில் பலகாரம் செய்தார்களாம். நம் வீட்டில் அப்படியே தலைகீழ். வெள்ளைக் கருவெல்லாம் மக்ரூனுக்குப் போகும், மஞ்சள் கருவை நான் தெருவெல்லாம் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவேன். நீதானே கொண்டுபோவாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிலேயே அந்தப் பலகாரத்தைச் செய்து பார்த்தாள். எட்டு மஞ்சள் கரு போட்டாள். வெள்ளைக் கருவைக் கிண்ணத்தோடு தூக்கித் தொட்டியில் ஊற்றப்போனாள். "ஏளா, ஊத்தாத" என்று கத்திவிட்டேன். சின்னவன் பயந்துபோனான். எனக்கே கை நடுங்கியது.

வீட்டில் இருந்த முந்திரியைப் பொடித்தேன். கூடவே சீனியையும். நாலு வெள்ளைக் கருவுக்கு 200 கிராம் முந்திரி, 200 கிராம் சீனி, கணக்கு கைக்குத் தெரிந்தது. நுரை எழும்பி, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றபோது, தம்பி, அப்பா பக்கத்தில் நின்று "இன்னும் ரெண்டு சுத்து" என்கிற மாதிரி இருந்தது. பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிப் பிழிந்தேன். கூர் சாய்ந்தது, கோணலும் ஆனது. பலகாரம் வெந்த சூட்டிலேயே தட்டை உள்ளே வைத்தேன், எல்லாம் சிவந்து வெடித்துவிட்டது. மக்ரூனுக்கு அந்தச் சூடு ஆகாது. அதை வேகவைப்பதைவிடக் காயவைக்க வேண்டும். நம் பேக்கரி அடுப்பில் விறகை இழுத்துப்போட்டுச் சூடு தணிந்த பிறகுதான் அப்பா தட்டை உள்ளே தள்ளுவார். மறுநாள் ஓவன் சூட்டை 100 டிகிரியில் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, மூன்று மணி நேரம் விட்டேன். வந்தது. வாயில் போட்டதும் கரைந்தது. இங்கே கோடையில் காற்று உலர்ந்து இருப்பதால் நமுத்துப்போகவும் இல்லை. நம் ஊர் உப்புக்காற்றில் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு தட்டுக் கொடுத்தேன். தின்றுவிட்டு "சுஷ்பீரு" என்றாள். முட்டை நுரையும் சீனியும் சேர்த்துச் செய்கிற பலகாரத்துக்கு இங்கே அதுதான் பேராம். பெருமூச்சு என்று அர்த்தம் என்றாள் அக்கா. அவர்கள் அதில் முந்திரி போடுவதில்லை. நம்முடையதுதான் நல்லது.

இன்னொன்றும் கேள். ஜன்னலை இவர்கள் ஜனெலா என்கிறார்கள். மேசை, மேசா. சாவி, ஷாவ். நம் வீட்டுச் சொல்லெல்லாம் இங்கிருந்து கப்பலில் வந்தவை. முந்திரியையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். சாவி என்றதும் ஞாபகம் வந்தது. உன் வீட்டு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? போன மாதம் வீடியோவில் பேசினாயே, உன் பின்னால் நீலத் திரையைக் காணோம். சுவரும் வேறு நிறம். பெயிண்ட் அடித்தீர்களோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

இந்த டிக்கெட் நீ எடுத்துத் தந்தது. விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், என் மகன் எடுத்துத் தந்தான் என்று. ஆனால் ஏர்போர்ட்டுக்கு நீ வரவில்லை. மருமகளும் வரவில்லை. ராத்திரி சீக்கிரம் படு. நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில் தின்னாதே, ஒரு முட்டையாவது பொரித்துத் தின். உடைக்கும்போது ஒவ்வொரு முட்டையாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகு மற்றதோடு சேர்.

தனிக் கிண்ணத்தில் உடைக்க வேண்டும். அதைத்தான் நான் அன்றைக்குச் செய்யவில்லை.

நீ பத்தாவது படித்த வருஷம், அந்த 20 கிலோ கல்யாண ஆர்டர். ராத்திரி கரண்ட் இல்லை. லாந்தர் வெளிச்சத்தில் நான் உடைத்துக்கொண்டிருந்தேன், ஆச்சியோடு அன்றைக்குச் சண்டை, கண்ணெல்லாம் நீர். ஒரு மஞ்சள் கரு உடைந்து பெரிய பாத்திரத்திலேயே விழுந்தது. விரலால் வழித்து எடுத்தேன். எடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். மஞ்சள் கருவின் கொழுப்பு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் நுரை சரியாக எழும்பாது என்று எனக்கா தெரியாது? பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் துடைத்து வைக்கிறவளே நான்தானே. அதை உன்னிடம் நகர்த்தினேன். நீ அடித்தாய், அடித்தாய், எழும்பவில்லை. "மீன் தின்ன கையோட வந்து நிக்கியால" என்று வேலையாட்கள் முன்னால் அப்பா உன்னைக் கரண்டியால் அடித்தார். நீ என்னைப் பார்த்தாய். முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கமே வரவில்லை. கைராசி இல்லாதவன் என்று ஆச்சி சொல்வாள், நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா சாகும்வரை அது உன் கை என்றே நினைத்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன வாரம் மதுரைச் சித்தி போன் செய்தாள். அவள் என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன். நான் அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் எழுத வேண்டும். "அவன் சின்ன வயசுலயே பொறுப்பா ஒண்ணும் செய்ய மாட்டான்" என்றேன். என் வாயால் சொன்னேன், தம்பி. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் முட்டையை எடுத்தேன், உடைக்க முடியவில்லை.

அன்றைக்கு உன் கை சுத்தமாகத்தான் இருந்தது.

நம் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் ஊர் திரும்ப வேண்டும். ஜூலை 18-ம் தேதி டிக்கெட்டை பெங்களூருக்கு மாற்றித் தரும்படி அத்தானிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு டப்பா மக்ரூன் கொண்டுவருகிறேன், காற்றுப் புகாமல் டேப் ஒட்டி. இரண்டையும் உன் கையிலேயே தருகிறேன். ஒன்று உனக்கு. மற்றதை நீ கொடுக்க வேண்டிய இடத்தில் கொடு, கொடுக்க முடியாவிட்டால் நீயே வைத்துக்கொள். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், வேலையை விட்டுவிட்டு அலையாதே. நான் டாக்சி பிடித்து வருவேன். எந்த விலாசத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

அம்மா