சின்னம்மா பாட்டும் ஹெட்போன் பின்னும்

ரங்கூன்,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. ஆடி வெள்ளிக்குக் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு முட்டளவு தண்ணீரில் நடந்து வீடு திரும்பினேன். பேத்தி நன்றாகப் படிக்கிறாள். மற்ற சேதியெல்லாம் அப்புறம். லேப்டாப்பில் ஹெட்போன் போட்டால் ஒரு காது கேட்பதில்லை, மகன் புது லேப்டாப் வாங்கச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே. நானும் இதே பாடு பட்டவள்தான்.

சின்னம்மா பாடிய தாலாட்டுகளைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். மொத்தம் 11 பாட்டு. அவர்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவற்றை லேப்டாப்பில் ஏற்றி, தினமும் ஒரு மணி நேரம் கேட்டு நோட்டில் எழுதி வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு பாட்டைப் போட்டேன், சத்தமே இல்லை. காதை அழுத்திக் கேட்டால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். பதிவு அழிந்துவிட்டது என்று நினைத்து எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். வயலின் கேட்டது, மோர்சிங் கேட்டது, பாடுகிறவர் குரல் மட்டும் காணோம்! காதுதான் போய்விட்டதோ என்று அன்றிரவு தூங்கவே இல்லை.

மறுநாள் லேப்டாப்பில் சொருகியிருந்த ஹெட்போன் பின்னை லேசாக மேலே தூக்கிப் பிடித்தேன். சின்னம்மா பாடினார்கள். விட்டேன், மறைந்தார்கள். அப்போதுதான் உயிர் வந்தது. பதிவுக்கு ஒன்றுமில்லை, கோளாறு பின் சொருகுகிற துளையில்தான்.

இதன் காரணம் உனக்குச் சட்டென்று புரியும். நீ எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கப் பின்னைச் சொருகி லைன் கொடுத்தவள் ஆயிற்றே. 19ஆம் நூற்றாண்டில் டெலிபோன் பலகைக்கு வந்த அந்தத் தடிப் பின்தான், டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் 3.5 மில்லிமீட்டராகச் சிறுத்து இன்று வரை ஓடுகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு உன் பின்னைப் பார். கறுப்பு வளையம் 3 இருந்தால் உலோகம் 4 துண்டாக இருக்கும். இப்போது வருகிற பெரும்பாலான ஹெட்போன்களில் நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொது, கடைசி மைக்குக்கு. துளைக்குள்ளே மெல்லிய தகடுகள் இவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். எனக்கு விட்டுப்போனது அந்தப் பொது இணைப்பு. இரண்டு காதுக்கும் போகிற மின்சாரம் திரும்புகிற வழி அது. அது அறுந்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற ஒலி ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போகும், வேறுபடுகிறது மட்டும் மிஞ்சும். பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில்தான் வைப்பார்கள், அதனால் அது போய்விடுகிறது. சின்னம்மாவைப் போனில் பதிந்தது இரண்டு பக்கமும் ஒரே குரல், அதனால் அவர்கள் முழுக்கவே மறைந்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு காது மட்டும் என்றால் நுனியோ அடுத்த துண்டோ படவில்லை என்று அர்த்தம். முதலில் லேப்டாப்பில் சத்தம் வைக்கிற இடத்தில் இடது, வலது இரண்டும் சமமாக இருக்கிறதா பார். அடுத்து அதே ஹெட்போனை வேறொன்றில் போட்டுப் பார், உன் பழைய ரேடியோ இரண்டு காதுக்கும் ஒலி தருகிற ஸ்டீரியோ என்றால் அதில்கூடப் போடலாம். அங்கேயும் கேட்காவிட்டால் ஒயர்தான். பின்னை அசைக்காமல் அதன் கழுத்துப் பக்கத்து ஒயரை மட்டும் வளைத்தால் சத்தம் விட்டு விட்டு வரும், ஹெட்போனை மாற்றினால் போதும். அங்கே நன்றாகக் கேட்டு, லேப்டாப்பில் எந்த ஹெட்போனைப் போட்டாலும் தகராறு என்றால், துளையைப் பார்க்க வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். லேப்டாப்பை அணைத்து, சார்ஜர் ஒயரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. மரப் பல்குச்சியை நுழைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தேன். அரை மிளகு அளவுக்குப் பஞ்சு வந்தது, அதில் வெளிறிய மஞ்சள் தூள். மோந்து பார்த்தால் தனக்கா வாசனை, இங்கே முகத்தில் பூசுகிற அந்த மரப்பட்டைக் குழம்புதான்! பேத்தி கன்னத்தில் தனக்கா பூசிய கையோடு ஹெட்போனைச் சொருகியிருக்கிறாள். துணிப்பையில் தூக்கிப் போனதில் பஞ்சும் சேர்ந்துகொண்டது. அடியில் பஞ்சு இருந்தால் பின் முழுக்க இறங்காது, துண்டுகள் தகடுகளுக்கு நேராக நிற்காது. ஊசியோ ஹேர்பின்னோ மட்டும் விடாதே, தகடு வளைந்துவிடும். பின்னை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பத்துப் பதினைந்து தடவை சொருகித் திருகி எடுத்தேன். இந்த மழை ஈரத்தில் தகடுகள் களிம்பேறும், அந்த உரசலில் கொஞ்சம் தேயும்.

முக்கால்வாசி சரியாயிற்று. ஆனாலும் லேப்டாப்பை நகர்த்தினால் குரல் போய்ப் போய் வந்தது. ஒரு கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். பின்பக்க மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் போன் ரிப்பேர் பார்க்கிற பையனிடம் கொடுத்தேன். திறந்தான். அந்தத் துளை தனியாக ஒரு சின்னப் பலகையில் இருந்தது, ஒரு காலில் ஈயம் விரிசல் விட்டிருந்தது. கரண்ட் வருகிறவரை இருவரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். வந்ததும் அரை மணியில் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டான். உன்னுடையதில் துளை மதர்போர்டிலேயே பதிந்திருந்தாலும் கவலைப்படாதே, யூஎஸ்பியில் சொருகுகிற சின்ன ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள். அது இந்தத் துளையின் உதவி இல்லாமலே வேலை செய்யும். மகனிடம் இதைப் படித்துக் காட்டு.

இப்போது எட்டாவது பாட்டில் நிற்கிறேன். "மாமன் கொண்டு வந்த" என்று பாடிவிட்டு ஒரு சொல் வருகிறது, பர்மாச் சொல்லா தமிழா என்று பிடிபடவில்லை. நீங்கள் 1964இல் கப்பல் ஏறுவதற்கு முன்னால் உன் அம்மாவும் இதே பாட்டைப் பாடி உன் தம்பியைத் தூங்க வைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நன்றாகக் கேட்கிற காதில் வைத்துக் கேட்டு, அது என்ன சொல் என்று எழுது.

உன் பழைய தோழி